பட்டாளத்து மாமாவுக்கு ஏன் தூக்கம் வருவதில்லை: தோட்டத்து ஊரில் பி.டி.எஸ்.டி. பற்றிப் பேச வைப்பது எப்படி

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். அது 1960இல் முடிந்தாலும், கம்யூனிஸ்டுகளோடு அமைதி ஒப்பந்தம் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் கையெழுத்தானது 1989 டிசம்பரில்தான், அதுவரை பேராக்கின் கிரீக் ஊர்க் காட்டிலும் தாய்லாந்து எல்லையிலும் அவர்களைத் தேடிப் படையோடு அலைந்தவர்களில் நம் தோட்டத்துப் பையன்களும் இருந்தார்கள். 1993இல் சோமாலியாவுக்கும் போஸ்னியாவுக்கும் போன மலேசியப் படையினர் வேறு இருக்கிறார்கள். இவர்கள் இன்று கோப்பிக் கடையில் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மாமாக்கள்.

இந்த மாமாக்களைப் பற்றி ஊரில் கேட்டால் மூன்றே பதில்தான் கிடைக்கும்: குடிகாரர், முன்கோபி, இல்லாவிட்டால் காட்டில் ஏதோ காத்து கருப்பு பிடித்துவிட்டது. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த மூன்று பெயர்களுக்குப் பதிலாகச் சரியான பெயரைக் கொடுப்பது. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. நடந்தது திரும்பத் திரும்பக் கனவிலும் நினைவிலும் வரும், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்கித் தள்ளுவார்கள், வீட்டாரிடமே ஒட்டுதல் விட்டுப் போகும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும். ஒரு மாதத்துக்கு மேலும் இது தீராமல் வாழ்க்கையைக் கெடுத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். பல வருடம் கழித்து, ரிட்டையர் ஆகி வேலை இல்லாமல் உட்கார்ந்த பிறகு தலை தூக்குவதும் உண்டு. ஆனால் பட்டாளத்தில் இருந்த எல்லோருக்கும் இது வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் நாளைக்கு யாரும் முன்னாள் ராணுவத்தாருக்கு ஜாகா (காவல்காரர்) வேலைகூடக் கொடுக்க மாட்டார்கள்.

சரி, இதைப் பற்றி ஊரில் கூட்டம் போடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். பலூன் கட்டாதீர்கள். சிரிக்க வேண்டாம், நாங்கள் கட்டினோம். மதியம் தகரக் கூரை சூடேறி ஒன்று படாரென்று வெடித்தது, இரண்டாவது வரிசையில் இருந்த பெரியவர் கையிலிருந்த மைலோ சட்டையெல்லாம் கொட்ட, நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் குந்திவிட்டார். பையன்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து, சட்டையைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனவர்தான், அப்புறம் ஒரு வருடம் எங்கள் யாரோடும் பேசவில்லை. யாருக்காகக் கூட்டமோ அவரையே விரட்டிவிட்டோம். அன்றிலிருந்து நாற்காலிகளைச் சுவரை ஒட்டிப் போடுகிறோம், கதவுகளைத் திறந்தே வைக்கிறோம், நடுவில் எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாள் பார்ப்பது முக்கியம். ஜூலை 31 வீரர்கள் நாள், அதையொட்டிய ஞாயிறு காலை, மாரியம்மன் கோயில் பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் நல்லது. சனிக்கிழமை மாலை வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். யாங் பெர்ஹோர்மாத்தை, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியை, கூப்பிட்டால் அவர் பேச்சிலேயே நாற்பது நிமிடம் போய்விடும், அதனால் தமிழ் பேசும் ஒரு நர்ஸ் அல்லது மருத்துவ உதவியாளர் போதும். சிகிச்சை எடுத்துத் தேறிய முன்னாள் வீரர் ஒருவர் தானாக முன்வந்தால் பேசட்டும். வற்புறுத்தி மேடையேற்றாதீர்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்ற கேள்வி எங்கிருந்தாவது வரும், அதைப் பாதியிலேயே வெட்டிவிடுங்கள்.

அழைப்பை மாமாவிடம் கொடுப்பதைவிட அத்தையிடம் கொடுங்கள். மாமா ராத்திரி கத்திக்கொண்டு எழுவதும், ரப்பர் காய் வெயிலில் வெடித்தால்கூடக் கை நடுங்குவதும், தனிப் பாயில் படுப்பதும் அத்தைக்குத்தான் தெரியும், இத்தனை வருடம் அதை வெளியே சொல்லாமல் இருந்தவரும் அவர்தான். போலீஸ் காட்டுப் படையில் இருந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். "எனக்கு பென்ஷன் இல்ல, நான் என்னத்த வெட்ரான் (முன்னாள் வீரர்)" என்று ஒதுங்குபவர்கள் நிறைய, அவர்கள் வீட்டுக்கு நேரில்தான் போக வேண்டும்.

நோட்டீஸ் அரைப் பக்கம் போதும். துப்பாக்கிப் படம் வேண்டாம். "தூக்கம் கெடுகிறதா? பழைய காட்சி வருகிறதா? சத்தம் கேட்டால் துள்ளுகிறீர்களா? வீட்டாரோடு சேர முடியவில்லையா?" என்ற நான்கு கேள்விகளைப் பெரிய எழுத்தில் போட்டு, முடிவெட்டும் கடையிலும் கோப்பிக் கடைக் கல்லாவிலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் காணாமல் போகும், ஆனாலும் போடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெரிய முட்டுக்கட்டை தஞ்சோங் ரம்புத்தான். 1911இலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், சண்டையென்றால் "உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட திட்டு. டாக்டரைப் பார் என்றாலே அந்தத் திட்டுதான் மாமா காதில் விழுகிறது. அதனால் இதை மழுப்பாமல் பேசுங்கள். இந்த நோய்க்குப் பெரும்பாலும் அட்மிட் ஆக வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவரோடு அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கும் சிகிச்சை, கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர்., தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை, இவை பலருக்கு உதவுகின்றன. சம்சு என்ற மலிவுச் சாராயம் ஒரு ராத்திரிக்குத் தூங்க வைக்கும், அடுத்த ராத்திரியைக் கெடுக்கும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே லயத்துப் பையன்களிடம் பேசிவிடுங்கள்: மாமா வீட்டுப் பக்கம் வெடி வேண்டாம், கொளுத்துவதானால் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். எதிர்பாராத சத்தம்தான் ரொம்பப் பாதிக்கும்.

யாராவது "இனி இருந்து என்ன" என்ற மாதிரி பேசினால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, உடனடி ஆபத்தென்றால் 999. தற்கொலை முயற்சி 2023இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, ஆகவே போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மறைக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் யாரும் வந்து பேச மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரை வாங்கும்போது ஓர் அத்தை மெதுவாகக் கேட்பார். அப்போது கிளினிக் விலாசத்தைக் கையில் கொடுத்துவிட்டு நழுவாதீர்கள், மறுநாள் காலையே உங்கள் காரில் கூட்டிப்போங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். கவுண்டரில் பெரிய கதை எதுவும் வேண்டாம், "தூக்கம் வரல" என்றால் போதும், மீதியை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். பெயர் கூப்பிடும் வரை மாமாவோடு வெளியில், வாசல் தெரியும் பெஞ்சில் உட்காருங்கள்.