பக்கத்துத் தோட்டத்து லீக்ஸ்: இயற்கைச் சந்தையில் மேசை போட வருபவர்களுக்கு

போன மாதச் சந்தையில் இரண்டு பிள்ளைகள் புதிதாக மேசை போட்டிருந்தார்கள். அட்டனில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடுகிறோம். ஒரு மண்டபம், இருபது மேசை, தகரக் கூரையில் மழைச் சத்தம். கித்துள் பாணிக்காரர், தேன்காரர், சவர்க்காரம் காய்ச்சும் அக்கா, குறக்கன் மா விற்பவர், துணிப்பை தைப்பவர் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். இங்கே விற்கிறவர்தான் அடுத்த மேசையில் வாங்குகிறவரும். அந்தப் பிள்ளைகளின் மேசையில் ‘100% இயற்கை’ என்று பலகை. பலகைக்குக் கீழே கரட். எல்லாம் ஒரே அளவு, ஒரே மினுக்கம். நுவரெலியாப் பக்கம் ரோட்டோரத்தில் கரட் கழுவும் மெஷின் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை. 2018இல் அதே மண்டபத்தில், மூலையிலிருந்து மூன்றாவது மேசையில், நானும் அதைத்தான் செய்தேன்: வெளியில் வாங்கியதை என் தோட்டத்துச் சரக்கு என்று விற்றேன்.

எடை குறைக்காதீர்கள், திகதி முடிந்ததை விற்காதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதைச் செய்கிறவர்கள் தெரிந்துதான் செய்கிறார்கள். தெரியாமல் செய்கிறவர்களுக்கு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொல்வார். புதிதாக மேசை போடுகிறவர்கள் செய்கிற மற்றத் தவறுகள்தான் கீழே.

விலையைக் கேட்டால்தான் சொல்வது

எழுதி வையுங்கள்.

சம்பள நாள் பார்க்காமல் சரக்கு இறக்குவது

தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி. டீச்சர்மாருக்கும் கந்தோர்க்காரர்களுக்கும் மாதக் கடைசியை ஒட்டி. எங்கள் வட்டத்தில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள். 5ஆம் திகதி புதுச் சரக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு “யாரும் வாங்கலையே அக்கா” என்று முகத்தைத் தொங்கப் போட்டால் நான் என்ன செய்ய? வாங்க ஆசையோடு வந்து, தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர் வெட்கத்தில் அடுத்த முறை உங்கள் மேசைப் பக்கமே வரமாட்டார். தீபாவளிக்கு முற்பணம் கொடுக்கும் கிழமை மட்டும் வேறு கணக்கு. அந்தக் கிழமை இயற்கை மரக்கறி யாருக்கும் நினைவில் வராது, துணிப்பைக்காரருக்குத்தான் யோகம்.

இல்லாததை வெளியில் வாங்கி நிரப்புவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு. நான் செய்தேன் என்பதால் எரிச்சல் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

அப்போது தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து லீக்ஸ், ராபு, கோவா, சலாது போட்டிருந்தேன். மருந்து அடிப்பதில்லை, உப்பு உரம் (இரசாயன உரம்) போடுவதில்லை. மாட்டெருவும் இலைதழையும்தான். வட்டத்திலிருந்து 12 வீடுகள் கிழமைக்கு ஒரு மரக்கறிப் பை எடுத்தன. பை 600 ரூபா. ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று தெரியும்தானே, பத்து நாள் வெயிலே இல்லை. லீக்ஸ் நுனியிலிருந்து கருகி வந்து அடியில் அழுகியது. கோவா வெடித்தது. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் ஐந்து பைக்குத்தான் சரக்கு இருந்தது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போனேன். அவருடைய லீக்ஸ் கம்பு மாதிரி நின்றது. “ஒரு வாரம்தானே, எடுத்துட்டுப் போம்மா, யாருக்குத் தெரியப் போவுது” என்றார். நல்ல மனுசன். 8 கிலோ லீக்ஸும் 5 கிலோ கோவாவும் எடுத்து என் பைகளில் போட்டேன். பை பார்க்க நன்றாகவும் இருந்தது.

அன்றைக்கு நான் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. மழை விடாமல் பெய்யும்போதுதான் பூஞ்சணம் பரவும். மருந்து அடிக்கிற தோட்டத்தில் அந்த நாட்களில்தான் அடிக்கடி அடிப்பார்கள். மழை கழுவிவிடுகிறது என்று திரும்பவும் அடிப்பார்கள். மருந்து அடிக்காத என் பயிர் அழுகிய கிழமையும், பக்கத்துத் தோட்டத்தில் அதிகமாக மருந்து விழுந்த கிழமையும் ஒன்றேதான். ஆகவே ‘ஒரு வாரம்தானே’ என்று நாங்கள் வாங்கி நிரப்புகிற அந்த ஒரு வாரம் வருடத்திலேயே மோசமான வாரம். வாடிக்கையாளர் எதைத் தவிர்ப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறாரோ, அதையே எடுத்து, அதே விலைக்கு, அவர் பையில் போடுகிறோம்.

பிடிபட்டது லீக்ஸின் மடலில். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அடுத்த சந்தைக்கு ஒரு லீக்ஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இலை தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூச்சுப் படிந்திருந்தது. “இது என்ன பிள்ள?” என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் “சுண்ணாம்பு டீச்சர்” என்றேன். அவர் இருபது வருடம் பாடசாலையில் விவசாயம் படிப்பித்தவர். ஒன்றும் பேசாமல் லீக்ஸைத் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். வாங்கி நிரப்பியது ஒரு பிழை. அந்தச் சுண்ணாம்பு அதைவிடப் பெரியது.

அடுத்த மாதத்தில் 12 வீட்டில் 7 வீடு நின்றது. கணக்குப் பார்ப்போம். அண்ணனிடம் வாங்கியதால் நான் காப்பாற்றியது ஏழு பையின் காசு, 4200 ரூபா. நின்றுபோனதும் கிழமைக்கு 4200 ரூபா. பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. 52 கிழமையால் பெருக்கினால் 2 இலட்சத்து 18 ஆயிரத்து 400. குத்தகைக் காசை இரண்டு தவணை கட்ட முடியாமல் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

அது என் நட்டம், நான் பட்டேன். எனக்கு இன்னும் உறுத்துவது மற்றவர்களுக்கு வந்த நட்டம்தான். தேன்காரரிடம் “இதுவும் கடைத் தேன்தானா?” என்று கேட்டிருக்கிறார்கள். சவர்க்கார அக்காவிடம் “நீங்களும் வாங்கித்தான் வெட்டி விக்கிறீங்களா?” என்றிருக்கிறார்கள். அந்த அக்கா காஸ்டிக் சோடாவில் கை பொசுங்கி, ஆறு கிழமை காயவிட வேண்டிய சவர்க்காரத்தை இந்த ஈரத்தில் எட்டுக் கிழமை காயவிட்டு விற்கிறவர். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். டவுனில் தனியாகக் கடை போட்டால் உங்கள் பொய் உங்கள் கடையோடு போகும். இந்த மாதிரி வட்டத்தில் மேசை போட்டால், உங்களைத் தெரியாதவர்கூட சவர்க்கார அக்காவை நம்பி உங்களிடம் வாங்குகிறார். நீங்கள் செலவழிப்பது அவருடைய பெயரை.

இதைப் புதியவர்களிடம் சொன்னால் மூன்று பதில் வரும். முதலாவது: “வாடிக்கையாளர ஏமாத்தக் கூடாதுன்னுதான் வாங்கினோம், பை குறைஞ்சா கோவிப்பாங்க.” கோவிக்கமாட்டார்கள். இப்போது மழைக்கிழமைகளில் நான் “இந்த வாரம் லீக்ஸ் இல்லை, பை சின்னது, 350 ரூபா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒருவர் இருவர் வேண்டாம் என்பார்கள். மற்றவர்கள் எடுக்கிறார்கள். லீக்ஸ் அழுகியதைக் கேட்டபிறகுதான் இது நிஜமாகவே மருந்தில்லாத தோட்டம் என்று நம்பியதாக ஒருவர் சொன்னார்.

இரண்டாவது: “அவங்களும் இப்ப உரம் போடுறதில்லை அக்கா.” இது 2021க்குப் பிறகு வந்த பதில். அந்த வருடம் மே மாதம் இரசாயன உரம் இறக்குமதி செய்யத் தடை வந்தது, நவம்பரில் எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் மரக்கறிக்காரர் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. உரம் கிடைக்காமல் மஞ்சளாய்ப் போன கோவாவை அப்போது ‘ஓகனிக்’ என்று விற்றவர்களும் இருந்தார்கள். கிடைக்காததால் போடாமல் விட்டது இயற்கை விவசாயம் ஆகாது. முறையான சான்றிதழ்களில் ஒரு வருடப் பயிருக்கு 2 வருடம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம் என்று நிலத்துக்கு மாறுகாலம் கேட்பது வழக்கம். அந்த ஆறேழு மாதத்தில் எந்த மண்ணும் மாறவில்லை. மலைநாட்டு விவசாயி ஒருவர் முன்னால் ‘இயற்கை’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார் அல்லது ஏசுவார். அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே காயம் பட்டிருக்கிறது, நாங்களும் சேர்ந்து குத்தக் கூடாது.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் நியாயமானது: “நம்ம லயத்துக்குப் பின்னால போட்டதுதான், ஆனா மேல மலைக்கு மருந்து அடிக்கிறாங்களே, அப்ப எப்படி எழுதுறது?” உண்மை. எங்கள் ஆட்களில் பலருடைய மரக்கறிப் பாத்தி தேயிலை மலைக்குக் கீழே. மேலே களைநாசினி அடித்தால் மழைத் தண்ணீரோடு எது இறங்கி வருகிறது என்று நாங்கள் அளந்து பார்க்கவா போகிறோம்? அதனால் ‘100%’, ‘இரசாயனமே இல்லை’ என்ற வார்த்தைகளை விடுங்கள். உங்கள் கை என்ன செய்தது என்பதை எழுதுங்கள்: “இந்தப் பாத்தியில் நாங்கள் மருந்து அடிப்பதில்லை. எரு மாட்டுப்பட்டியிலிருந்து. மேலே தேயிலை மலை.” என் அட்டையில் இப்படித்தான் இருக்கிறது. கடைசி வரியைப் பார்த்து ஓடிப்போனவர் இதுவரை ஒருவர்தான்.

சரி, நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது? காசு கட்டி வெளியிலிருந்து ஆள் வந்து பார்க்கும் சான்றிதழ் கால் ஏக்கர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதற்குத்தான் பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, எழுதி வைப்பது. பல நாடுகளில் நடக்கிறது, இலங்கையிலும் செய்கிறார்கள். எங்கள் வட்டத்தில் அதன் சின்ன வடிவம் ஒன்றை வைத்திருக்கிறோம்: வருடத்துக்கு இரண்டு முறை, அதில் ஒன்று கட்டாயம் மழைக்காலத்தில். வெயில்காலத்தில் எல்லோருடைய தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். என் தோட்டத்துக்கு முதல் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த டீச்சர்தான். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். லீக்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையிலிருந்து பை எடுத்தார்.

வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், அது குற்றமில்லை. தனிக் கூடையில் வையுங்கள், ‘பக்கத்துத் தோட்டம், மருந்து அடித்தது’ என்று எழுதுங்கள், விலையைக் குறையுங்கள். ஒரு கிழமை நான் அப்படி வைத்தேன். இரண்டு கூடையும் விற்றது.

குளிரில் உறைவதைச் சொல்லாமல் விடுவது

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் வருடம் முழுக்க ஏறக்குறைய அதற்குக் கீழேதான். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் போத்தலில் வெள்ளையாய் உறைந்திருப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று நினைப்பார். தேனும் அப்படித்தான், குளிரில் சீனி மாதிரிப் பூத்துவிடும். உடனே சீனிப்பாகு என்று பேச்சுக் கிளம்பும். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் விளக்கம். அவர் கேட்டபின் சொன்னால் அது சமாளிப்பு மாதிரித்தான் காதில் விழும். ஒரு சிறு துண்டுக் கடதாசியில் எழுதிப் போத்தலில் ஒட்டுங்கள்.

வருத்தம் மாறும் என்று எழுதுவது

பாவற்காய்த் தூள் பக்கெட்டில் ‘சீனி வருத்தம் முற்றாகக் குணமாகும்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதை வாங்கிய ஐயா ஒருவர் கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபிறகுதான் எங்களுக்குத் தெரியும். பொய்யாகவோ பிழையான எண்ணம் தரும்படியோ உணவுக்கு லேபல் ஒட்டுவதும் விளம்பரம் செய்வதும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். அந்த ஐயாவின் மகள் சந்தைக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்றபோது தம்பிக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பாவற்காயைப் பாவற்காய் என்று விற்கலாம், சமைக்கும் முறை எழுதலாம். கசப்பு விரும்பிகள் எங்கள் பக்கம் நிறைய.

லேபல் தமிழில் மட்டும்

சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிங்களம் பேசுகிறவர்கள். எழுதத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். போன் பார்த்து எழுதிய ஒருவரின் மிளகாய்த் தூளுக்கு வந்த சிங்களப் பெயரை இங்கே எழுத முடியாது.

விற்க மட்டும் வருவது

காலையில் மேசை போட்டு, முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை யாரும் அடுத்தவருக்குப் பரிந்துரைப்பதில்லை. கதிரை அடுக்கக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் “கலியாண வீட்டுக்கு இருபது சவர்க்காரம் வேணுமாம், யாரிட்ட சொல்லலாம்?” என்ற பேச்சு வரும். போன மாதம் கதிரை அடுக்கும்போது அந்தக் கரட் பிள்ளைகளில் மூத்தவள் என் பக்கத்தில் நின்றாள். என் அட்டையைக் காட்டி, “அக்கா, இதில ‘மேலே தேயிலை மலை’னு ஏன் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள். லீக்ஸ் கதையைச் சொன்னேன். சுண்ணாம்பையும் சேர்த்து. அவள் கதிரையை வைத்துவிட்டு, ‘100% இயற்கை’ பலகையைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன எழுதிக்கொண்டு வருகிறாள் என்று பார்க்க வேண்டும்.

கடன் கொடுப்பது

வேண்டாம். எனக்கு இன்னும் மூன்று பேர் தர வேண்டியிருக்கிறது. அதில் ஒருவர் இதைப் படிப்பார்.