தொண்டைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வீட்டில் உணவும் வலியும்: முதன்முறை பராமரிப்பவர்களுக்கான செய்முறை

என் மாமனாருக்குக் குரல்வளை முழுவதையும் அகற்றும் அறுவை சிகிச்சை நடந்து, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்தின் நடுவே மூச்சுவிட ஒரு துளை, மூக்கின் வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் என்ற உணவுக்குழாய், ஒரு பை நிறைய மருந்துகள், மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. குழாய்வழி உணவு 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதில் ஒரு வரி மட்டும் இருந்தது. எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, உமிழ்நீர் விழுங்கவே முகம் சுளிப்பவருக்கு எந்த நேரத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் நானும் என் அத்தையும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். அவ்வாறு கற்றதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவையும், வாய்வழியாக உணவு தொடங்கும் நாளையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவை நம் கையில் இருப்பவை.

படி 1: எந்த அறுவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

தொண்டைப் புற்றுநோய் அறுவை என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டால், மூச்சுக்குழாயைக் கழுத்துத் துளையோடு இணைத்துவிடுவார்கள். அதன்பின் உணவுப் பாதைக்கும் மூச்சுப் பாதைக்கும் தொடர்பு இருப்பதில்லை என்பதால், விழுங்கும் உணவு நுரையீரலுக்குள் போகும் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பேசுவதற்காகக் குரல் வால்வு பொருத்தியிருந்தால் மட்டும், அது கசிந்து, தண்ணீர் குடித்தவுடன் இருமல் வரக்கூடும். இவர்களுக்கு நீர்த்த உணவு எளிதாக இறங்கும்; உலர்ந்ததும் ஒட்டுவதும்தான் சிக்கிக்கொள்ளும்.

குரல்வளையின் ஒரு பகுதியையோ, நாவின் அடிப்பகுதியையோ, தொண்டைச் சுவரையோ எடுத்தவர்களின் நிலை வேறு. இரு பாதைகளும் பழையபடியே சேர்ந்திருக்க, அவற்றைத் திறந்து மூடும் தசைகள் மட்டும் பழுதுபட்டிருப்பதால், வேகமாக ஓடும் வெறும் தண்ணீர்தான் இவர்களுக்கு முதல் எதிரி. புரையேறினால் இருமல் வரும் என்று நாம் நினைக்கிறோம். தொண்டையின் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. சாப்பிட்டபின் குரல் நனைந்தாற்போல் கரகரப்பதையும், மாலையில் காய்ச்சல் தலைகாட்டுவதையும் அதன் அறிகுறிகளாகக் கொள்ள வேண்டும். எனவே அடுத்த வீட்டு நோயாளிக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே உங்கள் வீட்டில் பின்பற்றாதீர்கள்.

படி 2: சமையலுக்கு முன் வலிக்கு ஓர் அட்டவணை

நாங்கள் செய்த முதல் தவறு இங்கேதான். வலி எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம் மாமா மூன்று விரலைக் காட்டுவார். பூஜ்யத்திலிருந்து பத்து வரையான அளவில் மூன்று என்றால் தாங்கக்கூடியதே என்று நாங்களும் இருந்துவிட்டோம். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன்: உமிழ்நீர் விழுங்குமுன் கட்டிலின் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்கிறார், விழுங்கி முடித்ததும் விடுகிறார். “விழுங்கும்போது எவ்வளவு?” என்று தனியாகக் கேட்டேன். எட்டு விரல்களைக் காட்டினார். அன்றிலிருந்து சும்மா இருக்கும்போது ஒரு எண், விழுங்கும்போது ஓர் எண் என இரண்டு எண்களைக் குறிப்பேட்டில் எழுதினோம். மருத்துவர் மருந்தை மாற்றி எழுதியது அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.

வலி வந்தபின் மாத்திரை கொடுப்பதைவிட, மருத்துவர் எழுதிய இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே சரி. வாயால் சாப்பிடத் தொடங்கியவருக்கு, வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு வேளை மருந்து விழுமாறு நேரங்களை அமைத்துத் தரும்படி கேளுங்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான் கிண்ணத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் வலித்தால், நோயாளி பசியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். நாமும் அதை நம்பிவிடுவோம்.

பாராசிட்டமால் சாதாரண மருந்து என்று அலட்சியம் வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். உடல் மெலிந்தவர்களுக்கும், மதுப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை என்றால் 2,600 ஆகிறது. கூடவே டிரமடால் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை மூன்று வேளை எழுதப்பட்டிருந்தால், அதிலுள்ள 325 மில்லிகிராம் மும்முறை சேர்ந்து மொத்தம் 3,575 ஆகிவிடும். இதன்மேல் யாரோ ஒருவர் சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தால் எல்லை தாண்டிவிடும். ஆகவே எல்லா அட்டைகளின் பின்புறத்தையும் படித்துக் கூட்டிப் பாருங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கவே கூடாது. இரத்தக் கசிவுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் அவை இடம் கொடுக்கும்.

மார்பின் எழுதினால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று உறவினர்கள் அழத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கடும் வலிக்கான மருந்து அது, அவ்வளவுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது அரிதாக இருந்தது; 2014இல் அச்சட்டத்தைத் திருத்தியதன் நோக்கங்களுள் ஒன்று, வலியுள்ளவர்களுக்கு அம்மருந்து எளிதில் கிடைக்கச் செய்வது. மார்பினோ டிரமடாலோ தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் ஏறக்குறைய உறுதியாக வரும். இசப்கோலைக் குழாய்வழியே கொடுக்காதீர்கள், குழாய்க்குள்ளேயே உப்பி அடைத்துவிடும். தூக்கம் எழுப்ப முடியாத அளவுக்குப் போனாலும், மூச்சு வழக்கத்துக்கு மாறாக மெதுவானாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறுவை தொண்டையில் நடந்திருக்க, வலி காதில் குத்துவதாகச் சொன்னால் காதுக்குச் சொட்டு மருந்து விடாதீர்கள். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் தொண்டை வலி காதில் தெரிகிறது; தொண்டை வலிக்கான மருந்தே அதற்கும் மருந்து. கழுத்தின் நெறிகட்டிகளையும் அகற்றியிருந்தால் தோள் கனத்துத் தொங்கும், கையைத் தூக்க முடியாது. உட்காரும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், இயன்முறை மருத்துவரின் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். கழுத்துத் தோல் மரத்திருப்பதால் சூடு தெரியாது. அங்கே ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வரவழைத்தவர்கள் உண்டு.

படி 3: குழாய்வழி உணவு

மூக்கின் விளிம்பில் குழாயின் மேல் ஒரு மைக்கோடு இருக்கும். அந்தக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் முதலில் பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. கோடு சரியாக இருந்தால், நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, 50 மில்லி சிரிஞ்சின் உந்துதண்டைக் கழற்றி, குழாயில் பொருத்தி, 30 மில்லி ஆறிய நீரை விடுங்கள். பிறகு உணவை ஊற்றுங்கள். தள்ளாதீர்கள், அது தன் கனத்தாலேயே இறங்க வேண்டும். 200 மில்லிக்குப் பதினைந்து, இருபது நிமிடங்கள் ஆகட்டும். சிரிஞ்சு காலியாகுமுன் குழாயை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. முடிவில் மறுபடி 30 மில்லி நீர். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை படுக்க விடக் கூடாது. ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

சத்துமாவும் ராகியும் தேநீர் வடிகட்டியில் தப்பிப் போய்க் குழாயை அடைக்கும்; மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்து, நீரில் கரைத்து, உணவோடு கலக்காமல் தனியே கொடுங்கள். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் பொடிக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். குழாய் கழன்று வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகாதீர்கள். உள்ளே தையல் இருக்கிறது.

படி 4: முதல் வாய்

குரல்வளை அகற்றியவர்களுக்குப் பொதுவாக ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வாய்வழி உணவைத் தொடங்குவார்கள். முன்பே கதிர்வீச்சு எடுத்திருந்தால் தாமதமாகும். நீல நிறச் சாயம் கலந்த நீரைக் குடிக்கச் செய்து கழுத்துக் காயத்தில் நீலம் கசிகிறதா என்று பார்ப்பார்கள், அல்லது பேரியம் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு சொட்டு காபி என்றாலும் மறுத்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்த அன்று மாமா கேட்டது காபிதான். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், வழக்கம்போல் உதட்டைக் குவித்து ஊதினார். வாயிலிருந்து காற்று வரவில்லை. கழுத்துத் துளையில் ‘உஸ்’ என்று சத்தம் மட்டும் வந்தது. மூச்சு இப்போது அந்த வழியாகத்தான் என்பதை அவர் அந்த நொடியில்தான் முழுதாக உணர்ந்தார் என்று நினைக்கிறேன். ஊத முடியாது, உறிஞ்சுவதும் கடினம், மூக்கில் காற்று ஏறாததால் மணமும் சரியாகத் தெரியாது. ஆகவே எதையும் டபராவில் ஆற்றி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். துளையின்மேல் துணி மறைப்பு இருக்கட்டும். சிந்தும் ஒரு துளியும் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

பகுதி அறுவை செய்தவர்கள் விழுங்குதல் சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்த நிலையில், பெரும்பாலும் தாடையைச் சற்றே தாழ்த்தியோ மூச்சை அடக்கியோ, ஒரு சிறு கரண்டியாக விழுங்கிப் பழக வேண்டும். அவர் கற்றுத் தராததை நாமாகச் செய்து பார்க்கக் கூடாது. தொண்டையை மரக்கச் செய்யும் ஜெல்லைத் தடவிச் சாப்பிட வைப்பதும் ஆபத்து. மரத்த தொண்டைக்குப் புரையேறுவது தெரியாது.

படி 5: ரசம் சாதத்தைத் தள்ளி வையுங்கள்

நம் வீடுகளில் உடம்பு சரியில்லை என்றால் முதலில் கையில் எடுப்பது ரசம் சாதம். இந்த ஒரு பொருளுக்காக அத்தைக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சே இல்லை. புளியும் மிளகும் புண்ணில் எரியும் என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய கோளாறு, ஒரே கரண்டியில் இரண்டு வேகம் இருப்பது: ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் நின்றுவிடும். விழுங்கும் தசை பலவீனமானவருக்கு இதைப் போலச் சிக்கலான உணவு வேறில்லை. என்ன பொருள் என்பதைவிட எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஒரே சீர் என்பதே இப்போது முக்கியம்.

குழைய வேகவைத்த சோறு, பாசிப்பருப்பு, நெய், உப்பு ஆகியவற்றைச் சிறிது வெந்நீருடன் மிக்சியில் மைய அரைத்து வடிகட்டுங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், ஒரே திரளாக வழுக்கி விழ வேண்டும். கரண்டியில் பசைபோல் ஒட்டி நின்றால் கெட்டி, நீராக ஓடினால் தளர்வு. சிகிச்சையாளர் சொன்ன பதத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இட்லியை உதிர்க்காமல், பாலிலோ நீர்த்த பருப்பிலோ ஊறவைத்து, உலர்ந்த துகள் ஒன்றும் இல்லாதவரை மசிக்க வேண்டும். ஒரு சின்ன விஷயம்: எச்சில் பட்ட கரண்டியை மீண்டும் மீண்டும் விட்டால் உமிழ்நீர் மாவுச்சத்தைக் கரைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்துவிடும். பாத்திரத்திலிருந்து சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

படி 6: கணக்குப் பார்த்து ஊட்டுங்கள்

காயம் ஆற, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரி, 72 முதல் 90 கிராம் புரதம். 20 கிராம் நொய்யில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் இருப்பது ஏறக்குறைய 70 கலோரி. ஏழு டம்ளர் கொடுத்தாலும் 500ஐத் தொடாது. வயிறு நிறைந்திருக்கும், உடல் வற்றிக்கொண்டே போகும். கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 45 கலோரி கூடும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையை வேகவைத்து அரைத்துத்தான் சேர்க்க வேண்டும், பச்சையாக வேண்டாம். கழுத்தில் வைத்த வடிகுழாயில் பால்போல் திரவம் வந்ததாகச் சொல்லியிருந்தால் மட்டும் எண்ணெய், நெய், பால் கொழுப்பு ஆகியவற்றைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உணவியலாளர் தனிக் கணக்குத் தருவார்.

படி 7: வாயும் தாடையும்

ஒரு லிட்டர் ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து, வாய் கொப்பளிக்க மருத்துவர் அனுமதித்தபின், ஒவ்வொரு உணவுக்கு முன்னும் பின்னும் மெதுவாக அலசித் துப்பச் சொல்லுங்கள். தொண்டை வரை கொண்டுபோய் ‘கரகர’ வேண்டாம். மிளகுப் பால், கற்பூரவல்லிக் கஷாயம் என்று வருகிற யோசனைகளுக்குத் தலையாட்டிவிட்டு ஓரமாக வையுங்கள். வாயில் மூன்று விரல்கள் நெட்டுக்குத்தாக நுழையவில்லை என்றால் தாடை இறுகுகிறது. வாயைத் திறக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது.

வாரம் ஒருமுறை அதே எடை இயந்திரத்தில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்தால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கழுத்துத் தையல் சிவந்து காய்ச்சல் வந்தாலும், தையலின் வழியே உமிழ்நீரோ குடித்த பாலோ கசிந்தாலும் வாய்வழி உணவை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாயிலோ கழுத்திலோ துளையிலோ புது இரத்தம் வந்தால், தானாக நின்றுவிட்டாலும், 108ஐ அழையுங்கள்; சிறிதாக வந்து நிற்பது பெரிதாக வரப்போவதன் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தோம், இரவில் பார்த்துக்கொள்ள வந்த என் கொழுந்தனுக்காக.