வணிகத்துக்கான ஸ்டாக் புகைப்படங்கள்: வாங்கும் முறையும் விற்கும் முறையும்

இனிப்புக் கடையின் தீபாவளி விளம்பரத்துக்கோ ஜவுளி நிறுவனத்தின் இணையதளத்துக்கோ ஒரு படம் தேவைப்பட்டால், கூகுளில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுவது பலருக்கும் பழகிப்போன வேலை. ஆனால் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. மேலே பெயரோ முத்திரையோ இல்லாததால் அது கேட்பாரற்ற சொத்தாகிவிடாது. ஸ்டாக் புகைப்படங்களை, அதாவது பலரும் பயன்படுத்துவதற்காக முன்கூட்டியே எடுத்துவைத்த படங்களை, வழங்கும் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக் போன்ற தளங்களில் பணம் செலுத்தினாலும் படம் நமக்குச் சொந்தமாவதில்லை. நாம் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே என்பதால், படத்தைத் தேடும் நேரத்தில் பாதியையாவது உரிமத்தைப் படிக்க ஒதுக்க வேண்டும்.

‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று பொருளல்ல. ஒருமுறை கட்டணம் செலுத்திய பின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே பணம் தர வேண்டியதில்லை என்றே பொருள். மேற்சொன்னவற்றில் முதல் இரண்டு தளங்களிலும் சாதாரண உரிமத்தைக் கொண்டு 5 லட்சம் பிரதிகள் வரை அச்சிடலாம்; பெரும்பாலான கடைகளுக்கு அதுவே தாராளம். டி-ஷர்ட், காலண்டர் போல, படத்துக்காகவே பொருள் விரும்பப்படும் இடங்களில்தான் விலை கூடிய உயர்நிலை உரிமம் தேவைப்படுகிறது. ஷட்டர்ஸ்டாக்கின் விதி, விற்கும் பொருட்களோடு விளம்பரத்துக்காக வழங்கும் பொருட்களையும் சேர்த்துச் சொல்வதால், வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தரும் புத்தாண்டுக் காலண்டரும் அதில் அடங்கிவிடும். எந்த உரிமத்தை வாங்கினாலும் அந்தப் படத்தை நிறுவனத்தின் லோகோவாக்க முடியாது.

‘எடிட்டோரியல்’ என்று குறிக்கப்பட்ட படங்களை விளம்பரத்தில் தொடவே கூடாது. திருவிழாக் கூட்டம், விளையாட்டுப் போட்டி, அரசியல் தலைவர்கள் ஆகியோரின் படங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே அவை பயன்படும். இதற்குக் காரணம், படமெடுத்தவரின் உரிமை வேறு, படத்தில் இருப்பவரின் சம்மதம் வேறு என்பதுதான். 2007இல் ஆஸ்திரேலியாவின் விர்ஜின் மொபைல் நிறுவனம், ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த ஓர் அமெரிக்கச் சிறுமியின் படத்தைத் தன் விளம்பரப் பலகையில் போட்டது. சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அதிகார வரம்பு இல்லையென்று அமெரிக்க நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாலும், இலவசப் படத் தளங்களை நாடுவோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. முகம் தெரியும் படம் வேண்டுமென்றால், ஒப்புதல் படிவம் உள்ள கட்டணப் படமே பாதுகாப்பு.

வாங்கிய நாளிலேயே படத்தின் எண், ரசீது, உரிம விதிகளின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேமித்துக்கொள்ளுங்கள். டிசைனர் வாங்கித் தந்தாலும் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை கூகுள் லென்ஸில் தேடிப் பார்க்கலாம்.

விற்க விரும்புவோருக்கு என் முதல் யோசனை, சூரிய அஸ்தமனத்தை விட்டுவிடுங்கள் என்பதே. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் அவற்றைவிட, மளிகைக் கடைக்காரர் கணக்குப் பார்ப்பது, தறியில் நெய்பவரின் கைகள், டபரா டம்ளரில் நுரை ததும்பும் காபி போன்றவற்றையே வணிகர்கள் தேடி வாங்குவார்கள். நான் அனுப்பிய முதல் டபரா படம் நிராகரிக்கப்பட்டது. டம்ளரின் விளிம்பில் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருந்ததை, 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கவனித்தேன். பிராண்டுப் பெயர்களை நீக்குவதும், எழுத்து வைக்க ஒரு பக்கம் வெற்றிடம் விடுவதும், ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதும் விலையுயர்ந்த கேமராவைவிட அதிகம் உதவும். அடோபி ஸ்டாக் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல்தான். அதில் 49 குறிச்சொற்கள் வரை தரலாம் என்றாலும் முதல் பத்துக்கே தேடலில் முக்கியத்துவம் கிடைப்பதால், காபி, டம்ளர், நுரை ஆகியவற்றை முன்னே வைத்து, ‘காலை’, ‘புத்துணர்ச்சி’ போன்றவற்றைப் பின்னே தள்ளுங்கள். முகம் தெரிந்தால் அவருடைய கையெழுத்திட்ட படிவமும், சிறுவராயின் பெற்றோரின் கையெழுத்தும் கட்டாயம்.

வருமானத்தைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். அடோபி, விற்பனைத் தொகையில் புகைப்படத்துக்கு 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் விற்பனையைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை படிநிலைகள் உண்டு, அவை ஒவ்வொரு ஜனவரியிலும் மீண்டும் அடியிலிருந்தே தொடங்கும். இந்தியாவில் இருப்பவர் அமெரிக்க வரிப் படிவமான W-8BEN-ஐ பான் எண்ணுடன் நிரப்பினால், அமெரிக்க விற்பனை மீதான 30 சதவீதப் பிடித்தம் வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமாகக் குறையும்.

திருமணப் படமெடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே மணமக்களைக் கேட்காமல் அந்தப் படங்களைத் தளத்தில் ஏற்றக் கூடாது. தன் சொந்தப் படத்தின் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றிக் கொடுப்பவரும் அதைக் கையெழுத்துடன் எழுத்தில் செய்ய வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவின்படி கொள்ளப்படும்.