தண்டையார்பேட்டையிலிருந்து வால்பாறைக்கு: வேன் வேண்டாம், பஸ்ஸில் போங்கள்

எங்கள் தெருவில் மலைக்குப் போவது என்றால் முதலில் வேன் பேசுவார்கள். கூடவே ஸ்பீக்கர் பாக்ஸ், அண்டா, அடுப்பு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துப் பக்கம் மட்டும் அப்படிப் போகாதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். வால்பாறைக்கு ஏறும் பாதையே காடுதான். அதைப் பார்க்க அரசு பஸ்ஸின் ஜன்னல் ஓர சீட்டை மிஞ்சிய இடம் கிடையாது. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேயும் காட்டெருதும் கண்ணில் படும்.

சென்ட்ரலில் இரவு பாலக்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பொள்ளாச்சி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பள்ளி விடுமுறை என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். பொள்ளாச்சியில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், வயிறு நிறைந்திருந்தால் குழந்தைகளுக்குக் குமட்டும்.

ஏறும்போதே கண்டக்டரிடம், "அண்ணே, வரையாடு நின்னா சொல்லுங்க" என்று கேட்டுவையுங்கள். தினமும் அந்த வழியில் போகிறவர்களுக்கு எது எங்கே நிற்கும் என்று தெரியும். ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை தெரியும் இடத்திலிருந்து, பாறைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வரையாடு நம் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. முதுகு வெளுத்த பெரிய கிடா ஒன்று செங்குத்துப் பாறையில் அசையாமல் நின்றதைப் பார்த்து, ஓயாமல் பேசும் என் மகள் வாயே திறக்கவில்லை.

அடுத்தது சிங்கவால் குரங்கு. கறுத்த முகம், அதைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மழைக்காட்டின் மரக்கிளைகளிலேயே வாழ்கிற பிராணி. வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சாலையோரமே பார்க்கலாம். காடு துண்டுதுண்டாகிப் போனதால் அவை சாலையைக் கடந்தாக வேண்டும். வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பாருங்கள். இங்கே ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காதீர்கள். பாவம் என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும், அடுத்த வண்டிக்காக அது தரையில் காத்து நிற்கும். எனக்கு இதில் சமரசமே கிடையாது. நம்மோடு வந்தவர் கொடுத்தாலும் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

இருவாச்சிப் பறவையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். பழுத்த அத்தி மரம் இருந்தால் காலையில் அதன் பக்கம் சத்தமில்லாமல் உட்காருங்கள். உருவம் தெரிவதற்கு முன்பே சிறகுச் சத்தம் கேட்கும். கோடைக்கு முன்னால் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். வெளியிலிருந்து ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்த மாதங்களில் பொந்தைத் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

நம்ம ஊர் மழைக் கணக்கு அங்கே செல்லாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்; வால்பாறையில் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கொட்டோ கொட்டு என்று கொட்டும், அட்டையும் ஏறும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஸ்வெட்டர் கட்டாயம்.

பொழுது சாய்வதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இதில் விளையாட்டே கூடாது. தேயிலைத் தோட்டங்களுக்குள் யானையும் வரும், சிறுத்தையும் வரும். சில இடங்களில் யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். எரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். குழந்தைகளை இருட்டில் வாசலுக்குக்கூடத் தனியாக அனுப்பாதீர்கள். அங்கே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

டாப்ஸ்லிப்பும் இதே காப்பகம்தான், ஆனால் பாதை வேறு, சேத்துமடை வழியாகப் போக வேண்டும். கோழிகமுத்தி யானை முகாம் அந்தப் பக்கம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்ப்பீர்கள், தனியாக ஒரு நாள் வையுங்கள்.

திரும்பும்போது மதியமே கீழே இறங்குங்கள். பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் பிடிக்கும். கொண்டுபோன பிளாஸ்டிக் கவர் ஒன்று விடாமல் பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.