ஒரு குச்சி, இரண்டு பள்ளிக்கூடங்கள்: பூமியை அளக்கும் வகுப்பு

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூமியின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டால், 40,000 கி.மீ. என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். யார் அளந்தது, எந்த டேப்பை வைத்து என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இந்தச் செய்முறையை அங்கிருந்து தொடங்கலாம். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் நிழலை வைத்துச் செய்த கணக்குதான் இது.

முதலில் தொலைவில் உள்ள பள்ளியில் ஒரு ஆசிரிய நண்பரைப் பிடியுங்கள். வடக்கு தெற்காக எவ்வளவு தள்ளி இருக்கிறாரோ அவ்வளவு நல்லது. எங்களுக்குச் சென்னையும் கன்னியாகுமரியும் அமைந்தன. இரண்டுக்கும் அட்சரேகையில் கிட்டத்தட்ட 5 டிகிரி வித்தியாசம். இதைப் பிள்ளைகளிடம் மூச்சு விடாதீர்கள், அவர்கள் கண்டுபிடிக்கப் போவதே அதைத்தான்.

இரு பள்ளிகளும் ஒரே நாளில் அளக்க வேண்டும். மார்ச் 20, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்கள் வசதி. பிப்ரவரியிலும் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். அப்போது நண்பகல் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுவதால், புதியவர்களுக்குக் கணக்கு குழம்பும்.

அப்புறம் குச்சி. வாளியில் மணல் நிரப்பி நட்டுவிடலாம் என்று தோன்றும். கன்னியாகுமரியில் மார்ச் மாத நண்பகல் நிழல் வாளிக்குள்ளேயே விழுந்துவிடும். அதனால் ஒன்றேகால் மீட்டர் குச்சியில் கால் மீட்டரை மண்ணில் புதையுங்கள். அடியைச் சுற்றி ஒரு அட்டையை விரித்து, ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். அட்டைக்கு மேலே சரியாக 100 செ.மீ. நிற்க வேண்டும். குச்சி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டை இரவல் வாங்கலாம். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடம். முதல் முறை நாங்கள் மார்ச் மாதத்தில் இரண்டு ஊரிலும் 12 மணி அடித்ததும் நிழலை அளந்தோம். பூமி 60,000 கி.மீ.க்கு மேல் ஊதிவிட்டது! கடிகாரத்தின் 12 வேறு, சூரியனின் உச்சி வேறு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். மார்ச் 20 அன்று சென்னையில் உச்சி சுமார் 12.16க்கு, கன்னியாகுமரியில் சுமார் 12.27க்கு. இதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் எதுவோ அதுதான் உச்சி நேர நிழல். அது விழும் திசை வடக்கு.

நுனி மங்கலாக இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு என்பதால் அந்த மங்கல். அதன் நடுவில் புள்ளி வைத்தால் சரி.

மார்ச் 20 அன்று சென்னையில் நிழல் சுமார் 23 செ.மீ., கன்னியாகுமரியில் சுமார் 14 செ.மீ. வர வேண்டும். எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். குச்சியையும் நிழலையும் ஐந்தில் ஒரு பங்காகத் தாளில் வரைந்து, மேல் முனைக் கோணத்தைக் கோணமானியால் அளக்கட்டும். ஏறத்தாழ 13, 8 டிகிரி என்று வரும். வித்தியாசம் 5 டிகிரி. சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், பூமியின் வட்டத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணமும் அதுதான்.

அடுத்தது தூரம். பிள்ளைகள் கைபேசியைப் பார்த்து 700 கி.மீ. என்பார்கள். போட்டுப் பார்க்கட்டும். 5 டிகிரி என்பது வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. 700ஐ 72ஆல் பெருக்கினால் 50,400 வரும். ஏன் தப்பு என்று அவர்களே சண்டை போடட்டும். சாலை வளைந்தும் சாய்ந்தும் போகிறது, நமக்கு வேண்டியது வடக்கு தெற்குத் தூரம் மட்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வரைபடத்தில் கன்னியாகுமரி வழியே கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டு, சென்னையிலிருந்து அதற்குச் செங்குத்துக் கோடு இறக்கி, அளவுகோலால் அளந்தால் சுமார் 553 கி.மீ. கிடைக்கும். அதை 72ஆல் பெருக்கினால் 39,816.

முதல் முயற்சியிலேயே இப்படி வராது. நிழலில் 1 செ.மீ. பிசகினால் விடை 4,000 கி.மீ.க்கு மேல் நகரும். 36,000 வந்த குழுவுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், பிசகு எங்கே நுழைந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம்.

வரைபடத்தில் அந்தத் தூரம் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், அடுத்த வகுப்புக்குப் பாடம் கிடைத்துவிட்டது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டுச் சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கு அடிப்படையான கோட்டை, அளந்த கதையைத் தொடங்குங்கள்.