சிஎன்சிக்குப் பழைய லேப்டாப்பா? யுஎஸ்பியை அசைத்துப் பாருங்கள்

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வீட்டு சிஎன்சிக்கு (கம்ப்யூட்டர் கட்டளைப்படி பலகையைச் செதுக்கும் மெஷின்) பழைய லேப்டாப் வாங்கப் போனால், பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி போர்ட்டிலும் செருகி, பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகும்போதே லேசாக அசைத்துப் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டால் அது வேண்டாம்.

மெஷினின் மோட்டார்களை ஓட்டுவது, ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஏற்றிய அர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டுதான். லேப்டாப் ஜிகோடை, அதாவது மெஷின் எப்படி நகர வேண்டும் என்ற கட்டளைகளை, வரிவரியாக அனுப்புவதோடு சரி. அதனால் வேகம் பெரிய விஷயமே இல்லை, பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப் நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். ஆனால் இணைப்பு ஒரு நொடி விட்டாலும் பாதி செதுக்கிய பலகை வீணாகிவிடும். அப்புறம், ஸ்லீப் மோடையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் போர்ட்) மாக் 3 என்ற சிஎன்சி மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே மோட்டார்களை நகர்த்தும் மின் துடிப்புகளை (பல்ஸ்) கம்ப்யூட்டரே உருவாக்குகிறது. 32 பிட் விண்டோஸ் உள்ள பழைய டெஸ்க்டாப்தான் அதற்குச் சரி.