கர்ப்பிணிக்கு வீட்டில் மசாஜ்: முதல்முறை கை வைக்கிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் எடை முன்பக்கம் போகும். அதைச் சமாளிக்க இடுப்பெலும்புக்கு மேலே முதுகு உள்வளையும். ஹார்மோன்களால் இடுப்பு மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களும் தளரும். குறுக்கு வலி இப்படித்தான் வருகிறது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் அதோடு வேலையும் சேர்ந்துகொள்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நின்றே வேலை செய்கிற பெண்களுக்குச் சாயங்காலம் கால் கனக்கும். குடியாத்தம், பேரணாம்பட்டில் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றுகிறவர்களுக்குக் கழுத்தும் மணிக்கட்டும் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பதிவு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கை வைக்கப்போகிற கணவர், அம்மா, அக்கா, மாமியாருக்காக. சரியாகச் செய்தால் மசாஜ் குறுக்கு வலியையும் தசைப்பிடிப்பையும் குறைக்கும், மனப்பதற்றத்தைத் தணிக்கும், தூக்கத்துக்கு உதவும். இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்றாலும் இந்தப் பலன்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கின்றன. ஆனால் மசாஜ் செய்தால் 'நார்மல் டெலிவரி' ஆகும், குழந்தை சிவப்பாகப் பிறக்கும், தலை தானாகத் திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

1. முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, "வீட்டில் முதுகும் காலும் இலேசாகப் பிடித்துவிடலாமா?" என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமே கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் 'சரி' என்றுதான் பதில் வரும்.

சிலருக்கு மட்டும் டாக்டர் தெளிவாகச் சொல்லாமல் கை வைக்கக்கூடாது. ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தவர்கள், ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், குறைமாதத்தில் வலி வந்தவர்கள், முன்பு காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். தோலில் புண்ணோ படையோ இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

முதல் 3 மாதத்தைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. இலேசான மசாஜ் கருவைக் கலைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆரம்பக் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் நடப்பவை. அதனால், கரு கலைந்துபோன ஒரு பெண்ணிடம் "அன்னிக்கு முதுகு பிடிச்சுவிடச் சொன்னியே, அதான்" என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லவே கூடாது. அது பொய் மட்டுமில்லை, பெரிய கொடுமையும்கூட. இருந்தாலும் மசக்கையில் எண்ணெய் வாசனையே குமட்டும், உடம்பும் ஒத்துழைக்காது. முறையான மசாஜை நான்காம் மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை தோளையும் தலையையும் தடவிக்கொடுத்தால் போதும்.

2. எண்ணெயும் இடமும்

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். வாசனைத் தைலங்கள் தேவையில்லை. முதல் தடவை முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டுத் தடவி, மறுநாள் வரை அரிப்போ தடிப்போ இல்லை என்றால் பயன்படுத்துங்கள்.

வலிக்குப் போடுகிற தைலமும் பாமும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் கற்பூரமும் மீத்தைல் சாலிசிலேட்டும் இருக்கும். மெடிக்கலில் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லையும் டாக்டரைக் கேட்காமல் பூசாதீர்கள். அந்த வகை மருந்துகளை 20 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி நமக்குத் தெரியும். கத்திரி சமயத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது எண்ணெயைக் காய்ச்சவே வேண்டாம், அலமாரியில் இருப்பதே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வெயில் இறங்கிய பிறகோ காலையிலோ ஃபேனுக்குக் கீழே செய்யுங்கள். மார்கழியில் எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து எடுத்து, உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தடவுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மோதிரம், வளையலைக் கழற்றி, நகத்தை வெட்டி, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

3. படுக்க வைக்கும் முறை

முக்கால்வாசிப் பாதுகாப்பு இந்தப் படியில்தான் இருக்கிறது. குப்புறப் படுக்க முடியாது. 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து நீண்ட நேரம் படுப்பதும் சரியில்லை. கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அவருக்குத் தலை சுற்றும், குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையலாம்.

அதனால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடதுபக்கம் நல்லது, வலதுபக்கமும் தவறில்லை. தொய்ந்த கயிற்றுக் கட்டில் வேண்டாம். தரையில் உட்கார்ந்து எழ முடிந்தவருக்குப் பாய் மேல் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள், முடியாதவருக்கு மெத்தைக் கட்டில். தலைக்கு ஒரு தலையணை. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று, கணுக்கால் வரை வருகிற மாதிரி. வயிற்றுக்கு அடியில் மடித்த புடவை ஒன்று. முதுகு பின்னால் சாயாமல் முட்டுக்கொடுக்க இன்னொன்று. இத்தனையும் வைத்ததும் பாதி வலி போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள்.

படுக்கவே பிடிக்காதவர்கள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகுச் சாய்வில் தலையணை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். ஆடாத நாற்காலியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும்.

4. முதுகு

இரண்டு சின்ன ஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பின் மேல் கை வைக்கக்கூடாது, அதன் இருபக்கமும் உள்ள சதைதான் நம் இடம். உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, இடுப்பிலிருந்து தோள்வரை மெதுவாக நீவிக்கொண்டு போங்கள். தோளில் வளைத்து, விலாப்பக்கமாக அழுத்தமில்லாமல் கீழே இறங்குங்கள். கை உடம்பைவிட்டு எழாமல் இருந்தால் அவருக்கு இதமாக இருக்கும். முதல் ஐந்து நிமிடம் இது ஒன்றே போதும்.

எவ்வளவு அழுத்துவது? 'தொடவே இல்லை' என்பது 0, 'தாங்க முடியவில்லை' என்பது 10 என்று வைத்து அவரையே எண் சொல்லச் சொல்லுங்கள். 4, 5 என்று வந்தால் சரி. நம் வீட்டுப் பெண்களில் பலர் வலித்தாலும் வாய் திறக்கமாட்டார்கள், பிடித்துவிடுகிற மாமியார் மனம் கோணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அதனால் நீங்களே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். "போதும்மா" என்று அவர் சொன்னால், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது குறுக்கு. உள்ளங்கையின் அடிமேட்டை இடுப்பெலும்புக்குப் பின்னால், புட்டத்தின் மேல்பகுதியில் வைத்துப் பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். குறுக்கு வலியில் பெரும்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலால் குத்தி நோண்ட வேண்டாம். ஒரு பக்கம் முடிந்ததும், அவசரப்படாமல் மறுபக்கம் திரும்பிப் படுக்க உதவுங்கள்.

5. கழுத்து, தோள், கை

தோள்பட்டைச் சதையை விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, சற்று நிறுத்தி, விடுங்கள். கழுத்தின் முன்பக்கம் தொடவேண்டாம். பீடி சுற்றுகிறவர்கள், தையல் மிஷினில் உட்கார்கிறவர்கள், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள் என எல்லோருக்கும் உள்ளங்கை மசாஜ் பிடிக்கும். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கை நோக்கி நீவுங்கள். கர்ப்பத்தில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் இரவில் விரல் மரத்துப்போவது உண்டு. தொடர்ந்து மரத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. கால்: இங்கே மட்டும் ரொம்ப நிதானம்

கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும். பிரசவத்தின்போது அதிக ரத்தம் போய்விடாமல் காக்க இயற்கை செய்யும் ஏற்பாடு அது. ஆனால் அதனாலேயே கெண்டைக்காலில் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் ரத்தக்கட்டி உருவாகிற வாய்ப்பும் கூடுகிறது. அந்தக் காலை அழுத்திப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உயிருக்கே ஆபத்து.

அதனால் கெண்டைக்காலைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசையாதீர்கள். பாதத்திலிருந்து முழங்கால்வரை, மேல்நோக்கி மட்டும், இறகு படுகிற அளவில் தடவுங்கள். தொடையின் உட்புறத்தை விட்டுவிடுங்கள். பாதத்தை நன்றாகப் பிடித்துவிடலாம். கணுக்காலுக்கு மேல் ஒரு புள்ளியை அழுத்தினால் பிரசவ வலி வந்துவிடும் என்கிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தை விரலால் ஊன்றி அழுத்த நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

தொடங்கும் முன் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் தொடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் தேய்க்கவேண்டாம். முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால் இழுப்பு விடும்.

7. வயிறு

வயிற்றில் மசாஜ் கிடையாது. அரிப்புக்காக எண்ணெய் பூசவேண்டுமென்றால் அவரே உள்ளங்கையால் பூசிக்கொள்ளட்டும். எண்ணெய் தடவினால் வரி விழாது என்பது நிரூபிக்கப்படாத நம்பிக்கை. அரிப்பைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி மாதங்களில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரித்தால், அது ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். எண்ணெய் பூசி நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சில ஊர்களில், குழந்தை குறுக்கே இருக்கிறது என்றால், வயிற்றை நீவித் தலையைத் திருப்பிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிய்ந்து உள்ளே ரத்தம் கொட்டலாம், தொப்புள்கொடி அழுந்தலாம். கால் கீழே இருக்கும் குழந்தையை வெளியிலிருந்து திருப்பும் முறை மருத்துவத்திலும் உண்டு. அதை 36, 37 வாரத்துக்கு மேல், ஸ்கேன் பார்த்துக்கொண்டு, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டு, தேவைப்பட்டால் உடனே சிசேரியன் செய்யக்கூடிய இடத்தில்தான் செய்வார்கள். ஊர்ப் பாட்டிகளின் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. முதுகுக்கும் பாதத்துக்கும் அந்தக் கை ஒரு வரம். வயிற்றுக்கு மட்டும் வேண்டாம்.

8. உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

ரத்தம் கசிவது, பனிக்குடம் உடைந்து தண்ணீர் போவது, விட்டுவிட்டு வருகிற வயிற்று வலி, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, காய்ச்சல், மூச்சுத்திணறல், குழந்தை வழக்கமாகத் துடிப்பதைவிடக் குறைவாகத் துடிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெயைத் துடைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 'சூட்டு வலிதான், பிடித்துவிட்டால் போய்விடும்' என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நம் ஊருக்கு இது தெரிந்த பாடம். ஒரே இரவில் மூன்று பெண்கள் மருத்துவ உதவி கிடைக்காமல் பிரசவத்தில் இறந்ததைத் திண்டிவனத்தில் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரு சின்ன மருந்தகமாகத் தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. இன்று அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. நாம் நேரத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது சீர்வரிசையோடு தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து அனுப்புங்கள். 'நஞ்சு கீழே இருக்கிறது', 'பிரஷர் இருக்கிறது' போன்ற விஷயங்கள் அங்கே பிடித்துவிடப்போகிற அம்மாவுக்கும் தெரியவேண்டும்.

9. முடிக்கும்போது

மொத்தமாக 20, 30 நிமிடம் போதும். முடிந்ததும் பாதத்தில் உள்ள எண்ணெயைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் டைல்ஸில் வழுக்கி விழுவதுதான் இதில் நிஜமாகவே நடக்கிற விபத்து. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து நிற்கட்டும். தண்ணீர் கொடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை முழுதாகச் செய்யலாம், பாதமும் தோளும் தினமும் பிடித்துவிட்டால்கூடத் தவறில்லை.

10. கடைசி வாரங்களும் பிரசவ அறையும்

முதல் பிரசவம் என்றால், 34 வாரத்துக்கு மேல் பிறப்புவழிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தசையைச் சுத்தமான விரலால் மெல்ல நீட்டிப் பழக்குவது, கிழிசலையும் தையலையும் ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதை டாக்டரிடமோ நர்ஸிடமோ நேரில் கேட்டுக் கற்றுக்கொண்டு அந்தப் பெண்ணே செய்யவேண்டும். ரத்தப்போக்கு, தொற்று, நஞ்சு கீழே இருப்பது, பனிக்குடம் உடைந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் கூடாது.

வலி தொடங்கிய பிறகு மசாஜ் நிஜமாகவே கைகொடுக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கலாம். போகிற அம்மாவோ அக்காவோ இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்: வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிமேட்டைக் குறுக்கில் வைத்து நிலையாக அழுத்துங்கள், வலி இறங்கியதும் விடுங்கள். எங்கே, எவ்வளவு என்று அவர் சொல்வார். வலி முற்றும்போது சிலருக்கு யார் தொட்டாலும் பிடிக்காது, கையைத் தட்டிவிடுவார்கள். கோபித்துக்கொள்ளாமல் கையை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். திரும்பக் கேட்டால் திரும்ப வையுங்கள்.